இதுல நீங்க செஞ்சது எது தம்பி?

பதினான்கு மாதம் கழித்து வண்டி தயாரானதும் ஒரு பதிவு போட்டேன். ஆறு படம். கீழே பட்டியல்: கிளிப்-ஆன் ஹேண்டில்பார், சிங்கிள் சீட், அலுமினிய ரியர்-செட், எக்ஸ்பான்ஷன் சேம்பர், எல்இடி ஹெட்லைட், பார்-எண்ட் கண்ணாடி, முன்னால் டிஸ்க் பிரேக் என்று பதிமூன்று அயிட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த பிராண்டு, எங்கே வாங்கினேன் என்ற விவரம். கடைசி வரி, “வீட்டு போர்ட்டிகோவில், என் கையால் செய்தது.” அந்த வரியை எழுதும்போது எனக்கு லேசாகக் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைத் திட்டும்போது யாருக்கும் குறை இருக்கக்கூடாது.

இரண்டு நாள் கழித்து வண்டியை கணபதி பக்கம் இருக்கும் லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்த அண்ணனிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. அவர் கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். எஞ்சின் பக்கம் கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

“நல்லாருக்குதுங்க தம்பி. இதுல நீங்க செஞ்சது எது?”

நக்கல் கிடையாது. எந்த பாகம் என்னுடையது என்று தெரிந்தால் அதைக் குனிந்து நன்றாகப் பார்க்கலாம் என்றுதான் கேட்டார். “எல்லாமேதாண்ணா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். போகிற போக்கில், “அந்த முன் பிராக்கெட்ட மட்டும் மாத்திருங்க” என்றார். சரிண்ணா என்றேன். மாற்றவில்லை.

அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். இது வாரக் கடைசியில் பைக் ‘பில்ட்’ செய்கிற நம்மைப் பற்றியது. நம்மை என்றால் என்னையும் சேர்த்துத்தான்.

‘பில்ட்’ என்றால் இன்று நாம் என்ன செய்கிறோம்? பார்சல் வருகிறது. அட்டைப்பெட்டியைக் கிழிப்பதைப் படம் எடுக்கிறோம். பழைய பாகத்தைக் கழற்றுகிறோம், புதியதைப் பூட்டுகிறோம். பூட்ட முடியவில்லை என்றால் விற்றவனைத் திட்டி ஒரு நட்சத்திரம் போடுகிறோம். அந்தப் பெட்டிகள் எல்லாவற்றின் மேலும் ‘யுனிவர்சல் ஃபிட்’ என்று எழுதியிருக்கும். எல்லா வண்டிக்கும் சேரும் என்று நாம் படிக்கிறோம். எந்த வண்டிக்கும் சேராது என்பதுதான் அதன் நேர்மையான மொழிபெயர்ப்பு. சேராத ஒன்றைச் சேர வைக்க ஒரு புஷ் கடைய வேண்டும், ஒரு ஓட்டையை ஓவலாக்க வேண்டும், ரெண்டு மில்லிமீட்டர் ஷிம் வெட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் வேலை ஆரம்பிக்கிறது. நாம் சரியாக அந்த இடத்தில்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போகிறோம். திரும்பி வந்து, “நானே செய்தேன்.”

என் வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ்100. மாமாவுடையது. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் தாண்ட முடியாது, மன்னிக்கவும். 1985-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானிய யமஹாவோடு சேர்ந்து கொண்டுவந்தது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், பதினோரு குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. கணக்காகப் பார்த்தால் இன்றைய 125 சிசி வண்டிகளில் பல இதே சக்தியைத் தருகின்றன. ஆனால் அவை எதுவும் இதைப்போல் ஓடவில்லை என்று எங்கள் தெருவில் எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். 1996-இல் புகை விதிகள் இறுகியபோது உற்பத்தி நின்றது. நின்ற பிறகுதான் அது கடவுளானது. நிற்கும்வரை அது பால்காரர்களும் கல்லூரிப் பையன்களும் ஓட்டிய சாதா வண்டிதான்.

இதில் நான் முதலில் மாற்றியது சைலன்சர். எல்லோரும் முதலில் மாற்றுவது அதைத்தான். எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்கிற அந்த நடு பெருத்த குழாய். அது சத்தத்துக்காக இருக்கிறது என்று நினைத்துத்தான் வாங்கினேன். வாங்கி, மாட்டி, சீஸ் ஆகி, தெருவோரம் உட்கார்ந்த பிறகுதான் அது என்ன என்று படித்தேன். எந்த வரிசையில் என்று கவனியுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. பிஸ்டனே கதவு. எரிந்த புகை வெளியே போகிற அதே நேரத்தில் புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. வந்த சரக்கில் ஒரு பங்கு, திறந்திருக்கிற வாசல் வழியாகப் புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். ஓடினதை எப்படித் திரும்பப் பிடிப்பது? அதற்குத்தான் அந்தக் குழாய். புகை வெளியேறும்போது ஒரு அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரிகிற இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்கிறது. குழாய் மறுபடி குறுகுகிற இடத்தில் மோதி, தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே ஓடிப்போன சரக்கை வாசல் மூடுவதற்குச் சற்று முன் உள்ளே தள்ளுகிறது. எல்லாம் விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில். குழாயின் நீளம்தான் எந்த ஆர்பிஎம்மில் இது கச்சிதமாக நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீளம் தவறினால் அலை வாசல் மூடிய பிறகு வந்து கதவைத் தட்டும்.

இதை முறையாகச் செய்து காட்டியவர் வால்டர் காடன், கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்து எஞ்சினியர். பணமும் பொருளும் தட்டுப்பாடான நாட்டில், ஷோபாவ் என்ற சின்ன ஊரில் உட்கார்ந்து, குழாயை வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டி, 1961 வாக்கில் 125 சிசி எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். லிட்டருக்கு 200. சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின் எதுவும் அதுவரை அந்த இடத்துக்கு வந்ததில்லை. அதே ஆண்டு அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கே தப்பி ஓடினார். அந்த அறிவு சுசுகிக்குப் போனது. அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. உளவுப்படத்துக்கு உரிய கதை. ஒரு தகரக் குழாயின் நீளத்துக்காக ஒருவர் நாட்டை விட்டே போயிருக்கிறார்.

நான் அதை மூவாயிரத்துச் சொச்சத்துக்கு, கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கினேன்.

‘யுனிவர்சல்’ சேம்பர். எந்த எஞ்சினுக்கும் எந்த ஆர்பிஎம்முக்கும் என்று விற்கிறான். அப்படி ஒன்று இருக்க முடியாது என்பது மேலே இருக்கிற பத்தியைப் படித்த உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. மாட்டினேன். கீழ் வேகத்தில் இழுவை செத்தது. சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்தால் பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கும். மேல் வேகத்தில் ஒரு கிழிக்கிற சத்தம் வந்தது. அதைச் சக்தி என்று நம்பினேன். இன்னொன்றும் தெரியாது: குழாய் மாறினால் எஞ்சின் மூச்சு விடுவது மாறும், கார்பரேட்டரில் மெயின் ஜெட்டையும் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து, எஞ்சின் கொதிக்கும். சூலூர் தாண்டி ஒரு மத்தியானம் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. பின் சக்கரம் பூட்டிய மாதிரி நின்றது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். ரீபோர், புதுப் பிஸ்டன். போர் போட்டுக் கொடுத்தவரின் பெயர் என் பதிவில் இல்லை. சேம்பர் பிராண்டின் பெயர் இருந்தது, டேக் செய்து.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார், எனக்குத் தெரியும். “எல்லாத்தையும் நீயே கடைஞ்சு, நீயே வார்த்தாதான் பில்டா? அப்ப நீ இரும்பையும் பூமியிலேர்ந்து தோண்டுவியா?” நியாயமான கேள்வி. வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. லண்டனின் ஏஸ் கஃபேயைச் சுற்றி 1950களிலும் 60களிலும் வண்டி ஓட்டிய உழைக்கும் வர்க்கத்துப் பையன்களும் வாங்கினார்கள். ட்ரையம்ப் எஞ்சின் நல்லது, நார்ட்டன் சேசிஸ் நல்லது, ரெண்டையும் ஒரே கம்பெனி விற்காது. அதனால் ஒன்றை வாங்கி இன்னொன்றில் உட்கார வைத்தார்கள். ட்ரைட்டன் என்று பெயர். எஞ்சினும் சேசிஸும் வாங்கினவைதான். ஆனால் நடுவே இருக்கிற அந்த எஞ்சின் பிளேட்டுகள் அந்த ரெண்டு கம்பெனியும் கொடுத்தவை இல்லை. செயின் லைன் சரியாக வருகிறதா என்று யாரோ ஒருத்தன் நூல் பிடித்துப் பார்த்திருக்கிறான். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினார்கள் என்றால் மணிக்கு நூறு மைலைத் தொடக் காற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. நாம் அந்தத் தாழ்ந்த ஹேண்டில்பாரை வாங்கி அவிநாசி ரோட்டில் முப்பத்தைந்தில் போகிறோம். மணிக்கட்டு வலிக்கிறது. அதற்கு ஒரு கையுறை விற்கிறான், அதையும் வாங்குகிறோம்.

கம்பெனிக்காரனுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. ராயல் என்ஃபீல்டு 1960களின் நடுவிலேயே கான்டினென்டல் ஜிடி என்று ஃபேக்டரியில் இருந்தே தாழ்ந்த ஹேண்டில்பாரோடு ஒரு வண்டி விட்டது. 2013-இல் அதே பெயரில் சென்னையிலிருந்து மறுபடி. கலகத்தை ஷோரூமில் வைத்து, ஆன்-ரோடு விலை சொல்லி, இஎம்ஐயில் கொடுக்கிறார்கள். அது அவர்கள் தொழில், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதை வாங்குபவன் குறைந்தபட்சம் “வாங்கினேன்” என்று சொல்கிறான்.

இனி பிராக்கெட்.

முன் சக்கரத்தில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். இதற்கு ஒழுங்கான வழி, வேறொரு வண்டியின் ஃபோர்க், டி-ஸ்டெம், சக்கரம் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொண்டுவந்து உட்கார வைப்பது. அந்த ஃபோர்க்கில் காலிபர் உட்காரும் இடம் வார்க்கும்போதே வந்திருக்கும். ஆனால் எனக்கு ஆர்எக்ஸின் ஒல்லி ஃபோர்க்தான் வேண்டும். அழகுக்கு. அதனால் காலிபரைப் பிடிக்கத் தனியாக ஒரு பிராக்கெட். ஃபோர்க்கின் கீழ்க்கால் அலுமினியம், அதில் இரும்பை வெல்டு பண்ண முடியாது, ஆகவே கிளாம்ப் மாதிரி சுற்றிப் பிடித்து, அதிலிருந்து ஒரு காது நீட்டி.

அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “காத தனியா ஒட்டாதீங்க தம்பி. இஎன்8 தகட்டுல ஒரே துண்டா அறுத்துத் தர்றேன். மூலையில ரேடியஸ் குடுத்து. ரெண்டு நாள் ஆகும், எண்ணூறு ரூவா.” ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டு சவாரி இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது. தெருமுனை வெல்டிங் கடையில் ஆறு எம்எம் தகட்டை ஒட்டிக் கொடுத்தார்கள். கேட் செய்கிற கடை. அவர் என்ன செய்வார், நான் சொன்னதைச் செய்தார். நூற்றைம்பது ரூபாய். கிரைண்டர் போட்டு, கறுப்பு பெயிண்ட் அடித்ததும் படத்தில் பிரமாதமாக இருந்தது.

அந்தக் காதின் மேல் எவ்வளவு பாரம் விழும் என்று நான் கணக்குப் போடவில்லை. நான் எஞ்சினியரிங் படித்தவன், அதுவும் மெக்கானிக்கல். படுத்த படுக்கையில்தான் போட்டேன். வண்டியும் ஆளும் சேர்ந்து 170 கிலோ. நன்றாக பிரேக் பிடித்தால் முன் டயர் சாலையோடு ஏறக்குறைய நூறு கிலோ விசையில் மல்லுக்கட்டும். டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர். டிஸ்க்கில் பேட் கடிக்கிற இடத்தின் ஆரம் 10 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்கு, ஒன்பதாம் வகுப்பு. மூன்று மடங்கு. ஆக ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அந்த நூற்றைம்பது ரூபாய் ஒட்டின் மேல் முந்நூறு கிலோ தொங்கி இறங்குகிறது. ஒருமுறை இல்லை, ஆயிரம் முறை. ஒட்டின இடத்தை விட, ஒட்டுக்குப் பக்கத்தில் சூடுபட்ட ஓரம்தான் முதலில் களைத்துப் போகும். அந்த ஓரத்தில்தான் விரிசல் விட்டது.

பதிவு போட்ட பதினோராவது நாள். சரவணம்பட்டியில் எங்கள் தெருவிலேயே. பால் வாங்கிக்கொண்டு வருகிறேன், வேகம் இருபதுகூட இருக்காது. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், பந்து குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தேன். டணார் என்று ஒரு சத்தம். காது உடைந்து, காலிபர் சுழன்று, ஸ்போக்குக்குள் போய், சக்கரம் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. காரை எலும்பு முறிந்து ஆறு வாரம். அந்தப் பந்துக்குப் பின்னால் ஓடிவந்த பையன் எனக்கு ரெண்டடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எட்டு வயது இருக்கும். பால் பாக்கெட் உடைந்து அவன் கால் முழுக்க. அதைத்தான் அவன் துடைத்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் வீட்டுக்கே வந்து பார்த்தார். கையில் ஆரஞ்சு. “நான் சொன்னனில்ல” என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. உடைந்த துண்டைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடைந்த முகத்தில் ஒரு பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, மறு பாதி புதுசாய்ப் பளபளத்தது. “இது நேத்து உடையலீங்க. கறுத்த பாதி முன்னாடியே உட்டுருச்சு. பளபளன்னு இருக்கறதுதான் அன்னைக்கு உட்டது.” எட்டாவது வரை படித்தவர். நான்காண்டு கல்லூரியில், மெட்டலர்ஜி பேப்பரில் அறுபத்தெட்டு மார்க் வாங்கிய எனக்கு அந்த உடைப்பை அப்படிப் படிக்கத் தெரியவில்லை.

நம் வீடுகளில் சின்ன வயதில் கேட்ட மிரட்டல் நினைவிருக்கிறதா? “படிக்கலேன்னா மெக்கானிக் ஷாப்லதான் சேத்து உடணும்.” அது தண்டனையின் பெயர். கையில் கிரீஸ் ஒட்டினால் கல்யாணச் சந்தையில் விலை இறங்கும். அப்புறம் நாம் படித்தோம், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம், முப்பது வயதில் முதுகு வலி வந்தது, எதையாவது கையால் செய்தால் தேவலை என்று தோன்றியது. அதே கிரீஸ் இப்போது ‘பேஷன்’. அதே வேலையைப் பதினாலு வயதில் பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்து, அங்கேயே படுத்து எழுந்து கற்றவன் பெயர் மெக்கானிக். வாரத்துக்கு நாலு மணி நேரம் ஆலன் கீ திருகுகிற நம் பெயர் பில்டர். அவனை ‘டேய் தம்பி’ என்று கூப்பிடுவோம், வயது நாற்பதானாலும். நமக்கு பேட்டி.

ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். நானும் வைத்தேன், எல்லா சைசும் புத்தம் புதுசாய், ஒரு கீறல் இல்லாமல் இருந்த 46 பீஸ் செட்டுக்கு. அண்ணன் பட்டறையில் அதே நாளில் லேத்துக்குப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தது. அவர் கூப்பிட்டார். போகவில்லை. வண்டிப் படம் எடுக்க ஊட்டி ரோட்டுக்குப் போயிருந்தேன்.

கோயம்புத்தூரில் பிறந்தவர்களுக்கு ஜி.டி. நாயுடு கதையைப் புகட்டாமல் பால் புகட்ட மாட்டார்கள். கலங்கல் கிராமத்துப் பையன் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறான், கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்க்கிறான், அதே மாதிரி வண்டியை வாங்குகிறான். பள்ளிக்கூட மேடைகளில் கதை இங்கேயே முடிந்துவிடும். உழைத்தால் வாங்கலாம் என்பதாக. ஆனால் வாங்கியது கதையே இல்லை. வாங்கின வண்டியை அக்கக்காகப் பிரித்து, மறுபடி பூட்டி, அப்படித்தான் அவர் இயந்திரத்தைக் கற்றார். பிறகு 1920-இல் பேருந்து, அப்புறம் மோட்டார், ரேசர், என்னென்னவோ. கதையின் பாதியை மட்டும் வைத்துக்கொண்ட ஊர் நாம். வாங்குகிற பாதியை.

சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இவ்வளவு நேரம் என்னைத் திட்டியதைப் பார்த்துச் சிலர் “அப்ப மாடிஃபிகேஷனைத் தடை பண்ணினது சரிதானே” என்று வருவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி புத்தகத்தில் உள்ளவை மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் தண்டனையும் சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

என் பிராக்கெட்டுக்கு ஐயாயிரம் குறைவு என்பேன். அந்தப் பையனை நினைத்தால் ஆறு மாதமும் சரிதான். ஆனால் கவனியுங்கள்: அண்ணன் இஎன்8-இல் ஒரே துண்டாய், ரேடியஸ் கொடுத்து அறுத்துத் தந்திருந்தால் அதற்கும் அதே ஐயாயிரம். சட்டத்தின் கண்ணில் அவருடைய பிராக்கெட்டும் என்னுடையதும் ஒன்று. நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் வித்தியாசம் பார்க்க மறுக்கிற இடத்தில் எல்லோரும் ஒளித்துத்தான் செய்வார்கள். ஒளித்துச் செய்கிறவன் யாரிடம் போய் “இது தாங்குமா பாருங்க” என்று கேட்பான்? எஃப்சிக்குப் போகும்போது மட்டும் பழைய சைலன்சரை இரவல் வாங்கி மாட்டுகிறோம், காட்டுகிறோம், வெளியே வந்து கழற்றுகிறோம். அதிகாரிக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

பிரிட்டனில் வீட்டில் கட்டின ஒற்றை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக ஒரு வழி இருக்கிறது. எம்எஸ்விஏ என்பார்கள். பிரேக்கிலிருந்து சத்தம் வரை, கூரான விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பது வரை பார்த்து, தேறினால் சான்று. ஜெர்மனியில் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்ட மாற்றம் வண்டியின் காகிதத்திலேயே ஏறும். வெளிநாட்டு உதாரணம் பிடிக்காதென்றால் உள்ளூரிலேயே ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழ்நாடு அரசே வழங்குகிறது. பின்னால் இரண்டு பக்கமும் ஒட்டின சக்கரம். கம்பெனி கொடுத்த உருவத்தை மாற்றலாம், மாற்றியதைப் பாதுகாப்பாகவும் செய்யலாம் என்று அரசுக்குத் தெரியும். நாலு பேர் நடமாட வேண்டும் என்பதற்காக அந்தக் கதவைத் திறந்தார்கள், நல்லது. நான் ஒல்லி ஃபோர்க் அழகுக்காகக் கேட்கிறேன், என் காரணம் அவ்வளவு உயர்ந்ததில்லை. ஆனாலும் சோதித்துப் பார், தேறாவிட்டால் கழற்றி எறி என்று சொல்லும் ஒரு மேஜையாவது வேண்டும். அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் மாதிரி ஒருவர் உட்கார்ந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போர்ட்டிகோவில் வைத்து முடித்த பிராக்கெட் திங்கட்கிழமை ரோட்டுக்கே வந்திருக்காது.

(சத்தத்தைப் பற்றி ஒரு வரி. ராத்திரி பதினொரு மணிக்கு ஓட்டை சைலன்சரோடு ஆஸ்பத்திரி வாசலில் முறுக்குகிறவனுக்காக நான் வாதாடவில்லை. பல ஊர்களில் போலீஸ் அந்த சைலன்சர்களை ரோட்டில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுகிறார்கள். அந்த வீடியோவை நான் ரெண்டு முறை பார்த்தேன், சந்தோஷமாக.)

‘ஒரிஜினல்’ கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்எக்ஸில் ஒரு போல்ட் மாறினாலும் பாவம், கம்பெனி ஸ்டிக்கர் கோணல் இருந்தால்கூட அந்தக் கோணலோடேயே வேண்டும் என்பவர்கள். பாதி பேர் அதை ஓட்டுவதேயில்லை. துணி போட்டு மூடி வைத்து, விலை ஏறுவதைப் பார்க்கிறார்கள். தங்கம் வாங்கியிருக்கலாம், புகையாவது வராது.

நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊரில் பர்ட் மன்றோ என்று ஒரு ஆள் இருந்தார். 1920 மாடல் இந்தியன் ஸ்கவுட் வண்டி. கம்பெனி கொடுத்தபோது மணிக்கு ஐம்பத்தைந்து மைல் போகிற வண்டி. அதை அவர் வாழ்நாள் முழுக்கப் பிரித்துக்கொண்டே இருந்தார். பிஸ்டனைத் தானே வார்த்தார், கனெக்டிங் ராடைத் தானே அறுத்தார். 1967-இல், அறுபத்தெட்டு வயதில், அமெரிக்காவின் பானவில் உப்புப் பாலையில் அதே வண்டியில் தன் பிரிவில் 183 மைலுக்கு மேல் சாதனை வைத்தார். படமெல்லாம் வந்தது. எல்லோருக்கும் அந்த 183 தெரியும். எனக்குப் பிடித்தது அவர் கொட்டகையில் இருந்த ஒரு அலமாரி. வருஷக்கணக்கில் உடைந்த பிஸ்டன், வளைந்த ராடு, வெடித்த சிலிண்டர் எல்லாவற்றையும் அதில் அடுக்கி, வேகத்தின் கடவுளுக்குப் படையல் என்று எழுதி வைத்திருந்தார்.

நம்முடைய எந்தப் பதிவிலாவது அந்த அலமாரி உண்டா? பதிமூன்று அயிட்டம் போட்டேனே, பதினாலாவதாக அந்தப் பிராக்கெட், பதினைந்தாவதாக சீஸ் ஆன பிஸ்டன், பதினாறாவதாக நான் கோணலாய்த் துளை போட்டு வீணாக்கிய மூன்று சீட் தகடு. உண்மையில் அந்தப் பதினாலு மாதத்தில் நான் செய்தவை அவைதான். மற்றதெல்லாம் வந்தது.

முன்பக்கம் இப்போது பழைய டிரம் பிரேக்தான். மாமா கொடுத்தபோது இருந்ததே. சேம்பரைக் கழற்றிவிட்டேன். கிளிப்-ஆனை ஒரு கல்லூரிப் பையன் வாங்கிக்கொண்டு போனான், எதற்கு என்று கேட்கவில்லை. தோள் சரியானதிலிருந்து சனிக்கிழமைகளில் பட்டறைக்குப் போகிறேன். முதல் ரெண்டு வாரம் அரம் பிடித்து ஒரு சதுர இரும்பைச் சதுரமாக ஆக்கச் சொன்னார். ஆகவில்லை. ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு ஓரத்தில் கோடாய் வெளிச்சம் தெரியும். “இன்னும் கொஞ்சம்” என்பார். மூன்றாவது மாதம் லேத்தில் ஒரு புஷ் கடைந்தேன். பின் சக்கர ஸ்விங் ஆர்முக்கு. முதலில் கடைந்தது லூஸ், அடுத்தது டைட், மூன்றாவது கட்டைவிரலால் அழுத்த உள்ளே போய் நின்றது.

வண்டியை ஸ்டாண்டில் போட்டு, அண்ணன் ஸ்விங் ஆர்மைப் பிடித்து இப்படி அப்படி ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. உள்ளே போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.